பித்தளைக் குடத்துத் தண்ணீர்

தலையிலிருந்து குடத்தை இறக்கியதும் ராக்கம்மாக்கா தண்ணீரை உடனே ஊற்றிவிட மாட்டார். என் கடைத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, முகத்தை உள்ளே விட்டு, முதலில் மோந்து பார்ப்பார். புது இடத்தில் கட்டிய மாடு தொட்டித் தண்ணீரை மோந்து பார்க்குமே, அப்படி. வாடை சரியாக இருந்தால்தான் குடம் சாயும்.

அப்படி ஒருநாள் மோந்து பார்த்தவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஈச்சம்பட்டியில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே எனக்குச் சோடாக்கடை. அன்றைக்குப் பக்கத்து ஊரான தேவாரத்தில் திருவிழா. நிறைய பாட்டில் கேட்டு விடியும்போதே ஆள் வந்துவிட்டது. அக்கா வர நேரமாகும். நான் பொறுக்கமாட்டாமல் ஊர்க்கிணற்றில் இறைத்துத் தொட்டியை நிரப்பி வைத்திருந்தேன். அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். கர்த்தர் மன்னிக்கட்டும்.

அக்கா சேலையைத் தூக்கிச் செருகினார். தொட்டிக்கு அடியில் திணித்திருந்த துணி அடைப்பைப் பிடுங்கி எறிந்தார். தண்ணீர் முழுவதும் ரோட்டில் ஓடியது. வண்டியில் போய்க்கொண்டிருந்த மொக்கைச்சாமி மாட்டை நிறுத்தி, “என்ன ஆத்தா, வைகையைத் தொறந்து விட்டுட்டியா?” என்று கேட்டார்.

“பாசி ஏறிக்கெடக்கு, தொட்டி கழுவுறேன். ஒனக்கென்ன, ஓம்பாட்டுக்குப் போ.”

சொன்னபடியே தேங்காய் நாரை எடுத்துத் தொட்டியைத் தேய்த்துக் கழுவினார். பிறகு வெயிலில் மலையடிக் கிணற்றுக்கும் கடைக்குமாக நடந்து தொட்டியை நிரப்பினார். போகும்போது எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: “கழுவிட்டு ஊத்துங்க அண்ணாச்சி. ஊரு குடிக்கிறது.” அதோடு சரி. அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை, என்னிடமும்தான்.

ஊருக்குத் தண்ணீர் சுமந்து விற்றுப் பிழைக்கிறவர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். இருந்தாலும் கடை வைத்திருப்பவன் என்பதால் நான் அவருக்கு அண்ணாச்சி. ஒல்லியான உடம்பு. கழுத்து மட்டும் ஆண்பிள்ளைக் கழுத்து போல உரமேறியிருக்கும். காலில் செருப்பு கிடையாது. தலைச்சும்மாட்டுக்கு, தேர்தலில் கட்டிவிட்டுப் போன கட்சித் துணி ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தார். எந்தக் கட்சி என்று தெரியாதபடி சாயம் போய்விட்டது. யாராவது கேலி செய்தால், “தலைமேல தூக்கி வச்சுக் கும்பிடுறேன், இதுக்கு மேல என்ன செய்யச் சொல்றாக?” என்பார்.

தண்ணீரைப் பற்றி அவருக்கென்று சில கணக்குகள் உண்டு. பொழுது விடியுமுன் மொள்ளுவது தூங்குகிற தண்ணீர். அதைக் கலக்கக்கூடாது. வெயில் ஏறியபின் மொள்ளுவது முழித்த தண்ணீர். கைப்பிள்ளைக்காரிகளுக்குத் தூங்குகிற தண்ணீரைத்தான் கொடுப்பார். கிணற்றை விட்டுத் திரும்பும்போது அதனிடம் “வாரேன்” என்று சொல்லிவிட்டுத்தான் வருவார். என் சோடாவை மட்டும் ஒருநாளும் தொட்டதில்லை. “காத்தை அடைச்சு விக்கிறீக. அது வெளியிலயே சும்மா கெடக்கே அண்ணாச்சி.”

எங்கள் ஊர்த் தண்ணீர் கெட்டதற்குக் காரணம் மேற்கே ஓடைக்கரையில் வந்த சாயப்பட்டறை. நூலுக்குச் சாயம் ஏற்றி மிச்சத்தை ஓடையில் விட்டார்கள். திங்கள்கிழமை நீலமாகவும், வியாழக்கிழமை சிவப்பாகவும் ஓடை வரும். காலண்டர் இல்லாத வீட்டில் ஓடையைப் பார்த்துக் கிழமை சொல்லலாம் என்று சிரித்த காலமும் இருந்தது. பிறகு சாயம் நிலத்தில் இறங்கிக் கிணற்றைத் தொட்டது. கிணற்றில் நிறம் தெரியாது. இறைத்து வைத்தால் பளிங்கு மாதிரிதான் இருக்கும். வாயில் விட்டால்தான் கசப்பும் உப்பும். திராட்சைக் கொடிகளில் இலை ஓரம் கருகிச் சுருண்டது. குளித்த பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழே புண் வந்தது. ஓடைக்கரைத் தெருவில்தான் அக்காவின் மகள் சண்முகத்தாய் குடியிருந்தாள். அவள் மகளுக்கு நாலு வயது. இரண்டு காலிலும் துணி சுற்றித்தான் இருக்கும்.

அந்த நாளில்தான், எழுபத்தெட்டாம் வருசம் என்று நினைவு, ஓடைகளில் கழிவு விடுவதைத் தடுக்கும் மசோதாவுக்காகச் சென்னையிலிருந்து சட்டசபைக் குழு வருகிறது என்ற சேதி வந்தது. ஊர்த்தலைவர் கர்ணன் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து எல்லாருக்கும் விளக்கிச் சொன்னார்.

“மசோதான்னா நேரா சபைக்குப் போயிக் கையைத் தூக்குறதுன்னு நெனைக்காதீக. மொதல்ல ஒரு குழு அதைக் கையில வாங்கும். ஊரு ஊரா வந்து பாக்கும், கேக்கும். பாத்ததை அறிக்கையா எழுதிச் சபையில வைக்கும். அதை வச்சுத்தான் அங்கன பேச்சே. அறிக்கையில நம்ம ஊரு பேரு ஏறிருச்சுன்னு வையி, பட்டறைக்காரன் சாயத்தை ஓடையில விடமுடியாது. குடிக்கிற தண்ணிக்குக் குழாய் போடவும் செலவுல சேத்துருவாக.”

“ஏறலைன்னா?” என்று கேட்டார் மொக்கைச்சாமி.

“ஏறலைன்னா தண்ணி இழுக்க ஒங்க மாட்டைத்தான் கும்பிடணும்.”

அப்போது அக்கா தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். “குழாய் வந்தா ஒன் பொழப்புப் போயிருமே ஆத்தா” என்று ஒருவர் சீண்டினார். அக்கா சும்மாட்டை உதறினார்.

“போகட்டும். எங்கழுத்துக்கு ஒரு விடுதலை. எம்பேத்தி காலு ஆறுனாப் போதும். கொடத்தைக் கவுத்துப் போட்டு அதுமேல உக்காந்து வெத்தலை போடுவேன்.”

இந்தப் பேச்சை நான் இவ்வளவு விவரமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் யாரும் இதை நினைவு வைத்திருக்கவில்லை.

குழு வருவதற்கு மூன்று நாள் முன்பே பட்டறையில் வேலை நின்றது. யார் சொல்லி நின்றதோ, தெரியாது. ஓடை சாயமில்லாமல் தெளிந்து ஓடியது. கர்ணன் தலையில் அடித்துக்கொண்டார். ஓடையைக் காட்டி ஒன்றும் சொல்லமுடியாது என்று ஆகிவிட்டது. இனி கிணற்றுத் தண்ணீர்தான் சாட்சி. அதையும் கண்ணால் பார்த்துப் பயனில்லை, குடித்துத்தான் பார்க்கவேண்டும். குழுத் தலைவரை எப்படியாவது ஒரு மடக்குக் குடிக்க வைத்துவிடுவது என்று ஊர் கூடி முடிவு செய்தது. கொடுப்பதற்கு ராக்கம்மாக்காவைவிட வேறு ஆள் ஏது?

மந்தைத் திடலில் பந்தல் போட்டிருந்தது. பந்தலின் ஓரத்தில் இரண்டு குடம். மண்குடத்தில் ஊர்க்கிணற்றுத் தண்ணீர், சாட்சிக்கு. பித்தளைக் குடத்தில் சாயம் எட்டாத மலையடிக் கிணற்றுத் தண்ணீர், வந்தவர்களுக்குக் காப்பி போட. பக்கத்திலேயே நான் சோடாப் பெட்டியோடு நின்றேன்.

மூன்று ஜீப்பில் வந்தார்கள். தலைவர் வயதானவர். வெள்ளை வேட்டி, கையில் கைத்தடி. மேட்டில் ஏறி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. கர்ணன் மனுவை வாசித்தார். சுருக்கெழுத்துக்காரர் ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டு எழுதினார். தலைவர் ஓடையைப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார். “பார்வைக்கு நல்லாத்தானே இருக்கு?” என்றார்.

“குடிச்சாத்தான்யா தெரியும்.”

“அதுக்கென்ன, குடுங்க. குடிச்சே பார்த்துடுவோம்” என்று சொல்லி அவர் பந்தலுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அக்கா எவர்சில்வர் டம்ளரை எடுத்து மண்குடத்தின் பக்கம் குனிந்தார். அப்போது தலைவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். அதைத் திறக்கும்போது அவர் கை நடுங்கியது. ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, “மாத்திரை போடுற நேரமும் ஆச்சு. இதுலேயே போட்டுக்கிறேன்” என்று யாரிடமென்று இல்லாமல் மெல்லச் சொன்னார். பெரிய மனிதர் பேச்சாக இல்லை, வீட்டில் கிழவர் சொல்வது போல இருந்தது.

அக்காவின் கை மண்குடத்தின் வாயிலேயே நின்றது. மாத்திரையைப் பார்த்தார். நடுங்குகிற கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மறுபடி நிமிர்ந்தபோது டம்ளர் பித்தளைக் குடத்துக்குள்ளிருந்து ஏறிக்கொண்டிருந்தது. தள்ளி நின்ற கூட்டம் தலைவரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. குடத்தைப் பார்த்தவன் நான் ஒருவன்.

தலைவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு டம்ளரைக் காலி செய்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார். “நல்லாத்தானே இருக்கு!” என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். சுருக்கெழுத்துக்காரரின் பென்சில் ஓடியது.

கர்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. “இல்லைங்கய்யா, இன்னொருக்கா…” என்று அவர் தொடங்குவதற்குள், தேவாரத்தில் ஆட்கள் காத்திருப்பதாக ஓர் அதிகாரி வந்து காதில் சொன்னார். ஜீப்புகள் கிளம்பிவிட்டன. ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். ‘ஐயா, அது வேறு கிணற்றுத் தண்ணீர்’ என்று. அதற்கு நேரமும் இருந்தது. அந்த வயதானவர் அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் போனாரே என்ற நிம்மதி என் நாக்கைப் பிடித்துக்கொண்டது என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு. அது பாதிதான் உண்மை. பெரியவர்கள் கூட்டத்தில் வாயைத் திறக்கப் பயம். அது மீதி.

புழுதி அடங்கியதும் கர்ணன் கேட்டார்: “எந்தக் கொடத்துல மொண்டீக?” அக்கா பித்தளைக் குடத்தைக் காட்டினார். மறைக்கவில்லை. கர்ணன் அந்த இடத்திலேயே குத்துக்கால் வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அக்கா கடைக்கு வந்தார். “நோக்காட்டு மனுசன் அண்ணாச்சி. மாத்திரையக் கையில வச்சிருக்காரு. அதுக்கு அந்தத் தண்ணிய எப்புடி ஊத்த?” என்றார். பிறகு, “குழு எங்கன தங்கியிருக்காக?” என்று கேட்டார்.

பெரியகுளத்தில் பயணியர் பங்களாவில் தங்குவதாகக் கேள்வி. ஒரு பாட்டிலில் ஊர்க்கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, என் மிஷினில் மாட்டிச் சுற்றி, கோலிக்குண்டு ஏறி அடைக்கும்படி செய்து கொடுத்தேன். பஸ்ஸில் சிந்தாமல் போக வேறு வழி தெரியவில்லை. காற்று ஏறினாலும் அந்தக் கசப்புப் போகாது. மறுநாள் முதல் பஸ்ஸில் இருவரும் போனோம். வழியெல்லாம் அக்கா அந்தப் பாட்டிலை முந்தானைக்குள் கோழிக்குஞ்சைப் போலப் பிடித்துக்கொண்டு வந்தார்.

பங்களா வாசலில் அந்தச் சுருக்கெழுத்துக்காரர்தான் இருந்தார். கடைசி ஜீப்பில் காகிதக் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார். பாட்டிலைப் பார்த்ததும், “சோடா எல்லாம் வேண்டாம்மா” என்றார்.

“இது சோடா இல்லைய்யா. எங்க ஊருத் தண்ணி. நேத்து நான் குடுத்தது எங்க ஊருத் தண்ணி இல்ல. வேற கெணத்துத் தண்ணிய மாத்தி ஊத்திட்டேன். தப்பு என்னோடது. அப்புடியே எழுதிக்கிடுங்க.”

அவர் நல்ல மனிதர். ஜீப்பின் மேலேயே நோட்டை விரித்துப் பக்கத்தைத் தேடினார். விரலை வைத்து வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“நீங்க சாட்சியா ஒண்ணுமே சொல்லலையேம்மா. சொல்லியிருந்தா, சொன்னதைத் திருத்தலாம். அதுக்கு வழி இருக்கு. நீங்க தண்ணி கொடுத்தீங்க, தலைவர் குடிச்சார், நல்லா இருக்குன்னார். இதுல எந்த வார்த்தையைத் திருத்தச் சொல்றீங்க?”

“அவுககிட்ட நான் பேசுறேன்.”

“தலைவர் விடியக்காலமே மதுரைக்குக் கிளம்பிட்டாரே.”

அக்கா பாட்டிலை நீட்டினார். “அப்ப நீங்க குடிச்சுப் பாருங்க. ஒரே மடக்கு. குடிச்சிட்டு, கசக்குதுன்னு எழுதுங்க.”

அவருக்கு என்ன தோன்றியதோ, பாட்டிலைக் கையில் வாங்கினார். கட்டைவிரலை வைத்துக் கோலியை அழுத்தினார். புஸ்ஸென்று சத்தம் வந்தது. பாட்டில் உதட்டுக்குப் போகும் நேரம், அக்கா எட்டி அவர் கையைப் பிடித்துவிட்டார்.

“வேண்டாம்யா. வேண்டாம். புள்ளகுட்டிக்காரரா இருக்கீக.”

பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். எழுத்தில் மனு அனுப்புங்கள் என்று சொல்லி, விலாசத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். தண்ணீரைக் கொட்டுவதற்காக அக்கா பங்களாவின் மாமரத்தடிக்குப் போனார். அங்கேயும் நின்று யோசித்தார். மரத்தை விட்டுத் தள்ளி வந்து, வெறும் தரையில் ஊற்றினார். மண் நுரைத்துக் குடித்தது.

மனுவை நான்தான் எழுதினேன். ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கு எட்டியபடி எழுதினேன். பெறப்பட்டது என்று ஓர் அட்டை வந்தது. அதற்குமேல் எதுவும் வரவில்லை.

மறு வருசம் மாசியில் கர்ணன் அச்சடித்த அறிக்கையோடு கடைக்கு வந்தார். எம்.எல்.ஏ. அலுவலகத்திலிருந்து வாங்கியது. மசோதா எப்படி இருக்கவேண்டும், எந்த ஊர்களுக்குக் குழாய்ச் செலவு என்று எல்லாம் அதில் இருந்தது. பக்கத்து ஊர்களின் பெயரெல்லாம் பட்டியலில் இருந்தது. எங்கள் ஊர் அதில் இல்லை. உள்ளே ஓர் இடத்தில் மட்டும் இருந்தது. கர்ணன் உரக்க வாசித்தார்.

“ஈச்சம்பட்டி ஊராரின் குறைகளைக் குழு கேட்டறிந்தது. குழுவின் தலைவர் அவ்வூர்த் தண்ணீரை நேரில் அருந்திப் பார்த்தார். குடிப்பதற்கு ஏற்றதாகவே இருந்தது.”

அதே நேரம் பார்த்து அக்கா குடத்தோடு வந்தார்.

“பேரு ஏறிருச்சு ஆத்தா, சந்தோசமா?” என்றார் மொக்கைச்சாமி. “எல்லா ஊருக்கும் குழாய். நமக்கு மட்டும் ஒங்கொடம். குழாய் வந்தாப் பொழப்புப் போயிரும்னு கரெக்டா மாத்தி ஊத்திருக்க. ஓம்மூளை மெட்ராஸ்காரனுக்கே வராது.”

“மாத்திரை போட்டாரு…” என்று அக்கா தொடங்கினார்.

“எந்த மாத்திரை? நான் பாக்கலையே. நீங்க பாத்தீகளா? நீங்க?” மொக்கைச்சாமி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்து என்னிடம் நின்றார். “அண்ணாச்சி, நீங்க பக்கத்துலதான நின்னீக. என்ன நடந்துச்சு?”

கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். எல்லாரும் என்னிடம் சோடா குடிக்கிறவர்கள். அக்காவும் என்னைப் பார்த்தார். கேட்கிற பார்வை இல்லை, சும்மாதான் பார்த்தார்.

“நான் சோடா ஒடைச்சுக்கிட்டு இருந்தேன். கவனிக்கல” என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு அக்கா வாயைத் திறந்திருந்தால் என் கடைக்குப் பூட்டுத்தான். ‘இவர் உங்களுக்குச் சாயத்தண்ணியில் சோடா சுத்தினவர்’ என்று ஒரு சொல் போதும். அக்கா அதைச் சொல்லவில்லை. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக் குனிந்தார். மோந்து பார்த்தார். தண்ணீரை ஊற்றினார். சும்மாட்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

ஊர் பேசியதை அவர் தாங்கிக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். சண்முகத்தாய் கேட்டதைத்தான் தாங்கவில்லை. குழந்தையின் கால் துணியை நடுத்தெருவில் அவிழ்த்துக் காட்டி அவள் கேட்டாள்: “ஊருபேரு தெரியாத அந்தக் கெழவனுக்கு மனசு எரங்குச்சே ஆத்தா, எம்புள்ளைக்கு எரங்கலையா?” அக்கா அந்த இடத்திலேயே உட்கார்ந்து துணியை மறுபடி சுற்றிவிட்டார். அவர் விரல்கள் முடிச்சுப் போட வெகுநேரம் ஆனது.

மசோதா சபையில் விவாதத்துக்கு வந்த அன்று என் கடை ரேடியோவில் மாநிலச் செய்தி கேட்டோம். ஒரே ஒரு வரிதான் சொன்னார்கள். குழு அளித்த அறிக்கையின்மீது உறுப்பினர்கள் பேசினார்கள், மசோதா நிறைவேறியது என்று. கர்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். பக்கத்து ஊர் எல்லைவரை குழாய் வந்தது. எங்கள் ஊர் மைல்கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. பட்டறைக்காரர் பட்டியலில் உள்ள ஊர்ப்பக்கம் போகும் வாய்க்காலை அடைத்து, எல்லாச் சாயத்தையும் எங்கள் ஓடைக்கே திருப்பிவிட்டார். அதற்குப் பிறகு கிழமை சொல்லமுடியாதபடி ஓடை ஒரே கறுப்பாகிவிட்டது.

ஊரார் அக்காவிடம் தண்ணீர் வாங்குவதை நிறுத்தினார்கள். மொக்கைச்சாமி தன் மாட்டுவண்டியில் பீப்பாயைக் கட்டி அதே மலையடிக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்தார். நானும் கொஞ்ச நாளில் பீப்பாய்த் தண்ணீருக்கு மாறினேன். ‘அவகிட்ட வாங்குற கடையில எங்களுக்கு என்ன வேலை?’ என்று ஒருவர் கேட்டார். அது போதுமானதாக இருந்தது. அக்கா தினம் ஒரு குடம் மட்டும் சுமந்து வந்து மகள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார். சண்முகத்தாய் சில நாள் எடுத்துக்கொள்வாள். சில நாள் குடம் சாயங்காலம்வரை வாசலிலேயே இருக்கும்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் நான் கர்ணன் வீட்டுக்குப் போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். மாத்திரையைச் சொன்னேன், பெரியகுளம் போனதைச் சொன்னேன், என் தொட்டியில் ஊர்த்தண்ணீர் நின்ற கதையையும் சொன்னேன். அவர் தோட்டத்தில் கருகிய கொடிகளை வெட்டிக்கொண்டிருந்தார். அரிவாளை நிறுத்தவில்லை.

“இப்பச் சொல்லி என்ன அண்ணாச்சி? அதான் அச்சேறிப் போச்சே.”

எண்பத்தொன்றில் சண்முகத்தாய் குடும்பம் ஊரைக் காலி செய்தது. மலைமேல் உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை. அங்கே மலையூற்றுத் தண்ணீர், பிள்ளைக்குக் கால் ஆறிவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அக்காவும் கூடப் போனார். மகள் கூப்பிட்டாளா, இவராகப் போனாரா, தெரியாது. போடி ஊருக்குப் போகும் பஸ்ஸுக்காக என் கடைக்கு எதிரே நின்றார்கள். சாக்கு மூட்டையின் மேல் பித்தளைக் குடம் கவிழ்ந்திருந்தது. பேத்தி அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். மண்குடத்தைக் காணோம்.

சித்திரை வெயில். அக்காவின் உதடு வறண்டு வெடித்திருந்தது. என்னால் பார்த்துக்கொண்டு நிற்கமுடியவில்லை. தொட்டியில் ஒரு டம்ளர் மொண்டு எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து போனேன். “அக்கா” என்றேன். அன்றைக்குச் சொல்லாததையெல்லாம் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். டம்ளரைத்தான் நீட்ட முடிந்தது.

அவர் வாங்கி, பழக்கப்படி மோந்து பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் வருவதை நிறுத்திய பிறகு அந்தத் தொட்டியை மோந்து பார்க்க யாரும் இல்லை. நானும் கழுவவில்லை. மொக்கைச்சாமியின் பீப்பாய்த் தண்ணீர் பழைய தண்ணீரின் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. எத்தனை மாதமோ.

அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். பந்தலில் பார்த்த அதே பார்வை. இந்தத் தடவை நான் குனியவில்லை. அவர் டம்ளரை அண்ணாந்து, நிறுத்தாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பஸ் வந்துவிட்டது. காலி டம்ளரை முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்தார்.

“நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. தொட்டிய மட்டும் ஒருக்காக் கழுவிருங்க. ஊரு குடிக்கிறது.”